நாற்பத்தேழாம் நம்பர் நாற்காலி

நாடாளுமன்றத்துக்குக் கோடை லீவு விட்டாங்கன்னா ஊர்ல எல்லாருக்கும் நிம்மதி, எங்களுக்கு மட்டும் பஞ்ச காலம். எங்களுக்குன்னா எனக்கும் பூதத்துக்கும். நாங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு சேனல் நடத்துறோம். தினமும் காலைல பத்தரை மணிக்கு லைவ். நேத்து அரசியல்ல என்ன நடந்துச்சோ அதை எடுத்து வச்சு நான் பேசுவேன். பூதம் பின்னாடி உக்காந்து படம் போடுவான், கமெண்ட் படிப்பான், நடு நடுவுல என்னைக் கலாய்ப்பான். பூதம்னு பேர் வந்தது ஆளைப் பாத்து இல்ல, ஆள் ஊதினா பறந்துருவான். எந்தப் படத்தைக் குடுத்தாலும் பெருசு பண்ணிப் பெருசு பண்ணி, மூலைல கிடக்கிற தண்ணி பாட்டில் எந்தக் கம்பெனின்னு சொல்லுவான். பூதக்கண்ணாடின்னு கூப்பிட ஆரம்பிச்சோம், நாளாவட்டத்துல கண்ணாடி உதிந்து போச்சு.

சபை நடக்கிறப்ப பிரச்சனையே இல்ல. ஒருத்தர் கத்துவாரு, ஒருத்தர் பேப்பரைக் கிழிப்பாரு, ஒருத்தர் வாயைத் திறந்துக்கிட்டே தூங்குவாரு. அள்ள அள்ளக் குறையாது. லீவு விட்டா ஏழு வாரத்துக்கு ஒண்ணுமே இருக்காது. போன வருஷ லீவுல எதிர்க்கட்சித் தலைவர் மூக்குக்கண்ணாடி ஃபிரேம் மாத்தினதை வச்சு இருபத்திரண்டு நிமிஷம் பேசினேன். சத்தியமா. கறுப்புல இருந்து பிரவுனுக்கு வந்திருக்காரே, கட்சியே இறங்கி வருதான்னு. ஒரு துணை மந்திரி லிஃப்ட்ல கால் மணி நேரம் மாட்டிக்கிட்டாரு, அதுக்கு ரெண்டு எபிசோட். அம்மா ஒரு நாள் கேட்டாங்க, "ஏண்டி, லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் கூட அதைப் பத்தி இவ்ளோ நேரம் பேசியிருக்க மாட்டானே?"ன்னு.

அதெல்லாம் யாருக்கும் வலிக்காத விளையாட்டுன்னு நினைச்சேன். இந்த வருஷம் வரைக்கும்.

சித்தப்பாவைப் பத்திச் சொல்லணும். அப்பாவோட தம்பி. குஷன் கடை வச்சிருக்காரு. சினிமா தியேட்டர் சீட்டு, பஸ் சீட்டு, ஆஸ்பத்திரி வெயிட்டிங் ஹால் நாற்காலி, எல்லாத்துக்கும் ஃபோம் மாத்தி, ரெக்சின் போட்டு, புதுசாக்கிக் குடுப்பாரு. ஆறு வருஷமா நாடாளுமன்றத்துச் சபைக்குள்ள இருக்கிற நாற்காலி வேலையும் அவருக்குத்தான். அது கோடை லீவுல மட்டும் தான் நடக்கும். மத்த நாள்ல அதுங்க மேல ஆளுங்க உக்காந்திருப்பாங்களே. "உங்க தலைவருங்க எந்திரிச்சாத்தான் எனக்குச் சோறு"ம்பாரு. ஏழு ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு உள்ள போவாரு. ஆளுக்கொரு அனுமதி அட்டை, கழுத்துல தொங்கும். அந்த அட்டையைக் கழட்டாம டீக்கடை வரைக்கும் வருவாரு. அவ்ளோ பெருமை.

உள்ள வேலைக்கு ஒரு முறை இருக்கு. ஒரு வரிசைல ஒரே நேரத்துல ஒரு நாற்காலி தான் கழட்டணும். ஒவ்வொரு நாற்காலிக்கும் நம்பர் தகடு இருக்கு, யார் எங்க உக்காரணும்னு கணக்கு. ரெண்டைச் சேத்துக் கழட்டினா திரும்ப மாட்டுறப்ப மாறிப் போகும். மாறிப்போனா சபை கூடற அன்னைக்கு ஆளுங்கட்சிக்காரர் எதிர்க்கட்சியில போயி உக்கார வேண்டியது தான். அதனால கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு படம், கழட்டினப்புறம் ஒரு படம். ஃபோன் யாரும் உள்ள கொண்டு போகக் கூடாது, கேட்ல ஒரு பெட்டில போட்டுரணும். சித்தப்பாவுக்கு மட்டும் இந்தப் படம் எடுக்கிறதுக்காக ஒரு ஃபோன் அனுமதி. எழுதி, கையெழுத்துப் போட்டு வாங்கின அனுமதி.

அந்த செவ்வாய்க்கிழமை காலைல ஒம்போதே முக்காலுக்கு எனக்கு ஒரு படம் வந்துச்சு. சபைக்குள்ள. யாருமே இல்லாத சபை. புதுப் பச்சைத் துணி போட்ட நாற்காலிங்க வரிசையா மின்னுது. நடுவுல ஒரு இடம் மட்டும் காலி, பல்லு விழுந்த மாதிரி. கீழ சித்தப்பா எழுதியிருந்தாரு: "பாரு வாயாடி, நம்ம வேலை. 47 தான் ரொம்ப மோசம், குஷனைத் தாங்குற அடிப்பட்டையே அறுந்து போச்சு. வெளில போடாத."

கடைசி ரெண்டு வார்த்தையை நான் படிச்சேன். படிக்கலன்னு சொல்ல மாட்டேன்.

பூதம்கிட்ட காட்டினேன். பெருமைக்குத்தான் காட்டினேன். அவன் வழக்கம் போலப் பெருசு பண்ணினான்.

"நாப்பத்தேழு யாரு சீட்டு தெரியுமா?"ன்னான்.

"யாரு?"

"டீச்சரம்மா."

எனக்கு உடம்பெல்லாம் பரபரன்னு ஆயிருச்சு. டீச்சரம்மான்னா, ரெண்டே எம்.பி. இருக்கிற குட்டிக் கட்சியோட தலைவி. முன்னாடி பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். அரசாங்கத்துக்குப் பெரும்பான்மையே மூணு பேர் தான், அதுல இவங்க ரெண்டு பேர். இவங்க தும்மினா ஆட்சிக்கு ஜலதோஷம். அந்தம்மா நாற்காலி மட்டும் காணோம்!

"டேய், ரிப்பேருக்குக் கழட்டியிருக்காங்கடா"ன்னேன்.

"அது உனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?"

"சித்தப்பா போடாதன்னு சொல்லியிருக்காரு."

"செய்தியாவா போடப் போறோம்? காமெடியாப் போடுவோம். கேள்வி தானே கேக்கப் போறோம். இல்லன்னா இன்னைக்கு என்ன இருக்கு? மீன்வளத்துறைச் செயலாளர் பல்லு புடுங்கினது தான் இருக்கு. அதைப் பேசு, போ."

அவன் மேல பழி போடல. அவன் ஒரு தடவை தான் சொன்னான். நான் பத்து தடவை எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், காமெடி தானே, கேள்வி தானேன்னு. பத்தரைக்கு லைவ் ஆரம்பிச்சேன். படத்தைப் பின்னாடி போட்டுட்டு, நெத்தியைச் சுருக்கிக்கிட்டு, "நண்பர்களே, நாற்பத்தேழு எங்கே?"ன்னு ஆரம்பிச்சேன். டீச்சரம்மா நாற்காலியைத் தூக்கிட்டாங்களா, அவங்களே தூக்கிட்டுப் போயிட்டாங்களா, எதிர்ப்பக்கம் போட்டுப் பாத்து அளவு எடுக்கிறாங்களான்னு கேட்டுக்கிட்டே போனேன். சிரிப்பு பொம்மையா கொட்டுது கமெண்ட்ல. எங்களுக்கு வழக்கமா எண்ணூறு பேர் பாப்பாங்க. பதினைஞ்சாவது நிமிஷத்துல ரெண்டாயிரம்.

பத்து அம்பதுக்குச் சித்தப்பா ஃபோன் பண்ணினாரு. "ஒரு நிமிஷம் நண்பர்களே, முக்கியமான இடத்துல இருந்து அழைப்பு"ன்னு சிரிச்சுக்கிட்டே மைக்கை அணைச்சுட்டு சமையக்கட்டுக்குப் போனேன். அதையும் ஜனங்க நம்பியிருப்பாங்க, முக்கியமான இடம்னு.

"பாப்பா, அந்தப் படம் உன் சேனல்ல ஓடுதாமே?"

"யாரு சொன்னா?"

"கேட்ல இருக்கிற காவலாளி தான். லீவுல அவருக்கும் பொழுது போகல, ஃபோனைப் பாத்துட்டு உக்காந்திருக்காரு. தண்ணி குடிக்கப் போனேன், இதைப் பாருங்கன்னு காட்டினாரு. நம்ம படம் மாதிரி இருக்கேன்னு பாத்தா நம்ம படமே தான்."

"சும்மா காமெடிக்கு சித்தப்பா."

"காமெடியோ கீமெடியோ, தூக்கிரு. பராமரிப்பு அதிகாரி பதினோரு மணிக்கு மேல தான் வருவாரு. அவர் கண்ணுல படறதுக்குள்ள தூக்கிட்டா ஒண்ணுமில்ல."

"சரி சித்தப்பா."

"தூக்கிட்டியா?"

கதவுகிட்ட பூதம் வந்து நின்னான். வாயைத் திறக்காம நாலு விரலைக் காட்டினான். நாலாயிரம்.

"தூக்கிட்டேன்"னேன்.

"நல்ல புள்ள"ன்னு வச்சுட்டாரு.

அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டுத் தூக்கிரலாம்னு தான் போயி உக்காந்தேன். அஞ்சு நிமிஷத்துல ஆறாயிரம். இன்னும் அஞ்சு நிமிஷம். எட்டு. என்ன பேசினேன்னு இப்பக் கேட்டா எனக்கே ஞாபகம் இல்ல, நம்பர் மட்டும் தான் கண்ணு முன்னாடி நிக்குது. பதினொண்ணு இருபதுக்கு ஒரு பெரிய டிவி எங்க லைவை அப்படியே எடுத்துப் போட்டுட்டான். கீழ செவப்புல ஓடுது: "47-ஆம் இருக்கை எங்கே? கூட்டணியில் விரிசல்?" நான் காமெடியாக் கேட்ட கேள்விக்குக் கோட்டு சூட்டு மாட்டி விட்டுட்டாங்க. பூதம் குதிக்கிறான். நானும் குதிச்சேன். பதினொண்ணு முப்பத்தஞ்சுக்கு முடிச்சோம், பதினாலாயிரம் பேர். அப்புறம் தான் வீடியோவை அழிச்சேன்.

அன்னைக்குச் சாயங்காலம் டீச்சரம்மா ஊர்ல அவங்க வீட்டு வாசல்ல நாலு மைக்கை நீட்டியிருக்காங்க. அந்தம்மா செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே, "நான் லீவுல இருக்கேன், என் நாற்காலியும் லீவுல போயிருக்கு போல, எனக்குச் சொல்லிட்டுப் போகல"ன்னுட்டு உள்ள போயிட்டாங்க. சபாநாயகர் அலுவலகம் ரெண்டு வரி அறிக்கை விட்டுச்சு, வருஷா வருஷம் நடக்கிற பராமரிப்பு வேலைன்னு. புதன்கிழமை ஒரு மந்திரி கால் இடறி விழுந்தாரு, எல்லாரும் அங்க போயிட்டாங்க. நாட்டுக்கு அந்தச் செய்தி ஒண்ணரை நாள்ல செத்துப் போச்சு.

புதன்கிழமை மத்தியானம் சித்தப்பா கூப்பிட்டாரு. திட்டப் போறாருன்னு நினைச்சுத் தான் எடுத்தேன். ஆனா அவர் குரல்ல சிரிப்பு.

"தப்பிச்சேன் வாயாடி! அதிகாரி கூப்ட்டு விசாரிச்சாரு. உள்ள ஃபோன் வச்சிருந்தது நான் ஒருத்தன் தானே, நான் தான்னு ஒத்துக்கிட்டேன். அண்ணன் பொண்ணுக்குப் பெருமைக்கு அனுப்பினேன், அவ விளையாட்டாப் போட்டுட்டா, பத்து அம்பதுக்கு நான் சொன்னேன், சொன்ன நிமிஷமே தூக்கிட்டான்னேன். எழுதிக் குடுன்னாரு, எழுதிக் குடுத்துட்டேன். இனிமே ஃபோன் கிடையாதுன்னு எச்சரிச்சு விட்டுட்டாரு. நீ உடனே தூக்கினது தான் என்னைக் காப்பாத்துச்சு."

அப்பவே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. "அப்படியா சித்தப்பா, நல்லதாப் போச்சு"ன்னேன். தினமும் காலைல ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர்கிட்ட ஒரு மணி நேரம் விடாம பேசுறவ, ஒரே ஒரு ஆள்கிட்ட ஒரே ஒரு வரி பேச முடியல.

ஞாயித்துக்கிழமை காலைல திரும்பக் கூப்பிட்டாரு. இந்தத் தடவை சிரிப்பு இல்ல. "லேப்டாப்பை எடுத்துக்கிட்டுக் கடைக்கு வா. ஒரு மனு டைப் பண்ணணும்."

கடை ஷட்டர் பாதி தான் திறந்திருந்துச்சு. குனிஞ்சு உள்ள போனேன். ஃபோம் வெட்டின தூள் தரையெல்லாம் பஞ்சு மாதிரி கிடக்கு. மேசை மேல ஒரு பஸ் சீட்டு மல்லாந்து கிடக்குது, சித்தப்பா அதுல ஸ்டேப்லர் கன்னால ரெக்சினை இழுத்து இழுத்து டக் டக்னு அடிச்சுக்கிட்டு இருந்தாரு. சித்தி தையல் மெஷின்ல ஜிப்பு தைக்கிறாங்க. சித்தப்பா கழுத்துல அட்டை இல்ல.

"என்னாச்சு?"

சித்தி தான் சொன்னாங்க. "புடுங்கிட்டாங்க. ஏழு பேரோடதும் சேத்து. வியாழக்கிழமை."

"எச்சரிச்சு விட்டுட்டாங்கன்னு சொன்னீங்களே?"

"படத்துக்கு எச்சரிக்கை தான்"ன்னாரு சித்தப்பா. "இது வேற. அந்த டிவிக்காரன் போட்டதை எவனோ அதிகாரிகிட்ட காட்டியிருக்கான். அதுல மூலைல மணி போட்டிருக்காம், பதினொண்ணு இருபது. அப்பவும் நீ பேசிக்கிட்டு இருக்கியாம். பத்து அம்பதுக்கே எடுத்தாச்சுன்னு பொய்யா எழுதிக் குடுத்திருக்கேன்னுட்டாரு. படம் எடுத்ததை மன்னிப்பேன், எழுத்துல பொய் சொன்னவனை உள்ள விட மாட்டேன்னுட்டாரு. ஆறு வருஷத்துல ஒரு ஆணி காணோம்னு பேர் வாங்கினதில்ல நான்."

சித்தப்பா கன்னைக் கீழ வச்சுட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாரு.

"உக்காரு. எனக்கு ஒரு யோசனை தோணுச்சு. அந்த டிவிக்காரன் முன்னாடியே ரெக்கார்டு பண்ணி வச்சதைப் பின்னாடி போட்டிருப்பான். இல்லன்னா அவன் கடிகாரம் தப்பு. அதை எழுதுவோம். எழுது. மாண்புமிகு பராமரிப்பு அதிகாரி அவர்களுக்கு."

"அதிகாரிக்கு மாண்புமிகு வராது சித்தப்பா."

"போட்டா குறைஞ்சா போயிருவ?"

"இவ மரியாதையைக் கூட அளந்து தான் வைப்பா"ன்னாங்க சித்தி, மெஷினை நிறுத்தாமலே.

மாண்புமிகு போட்டேன். அவர் சொல்லச் சொல்ல அடிச்சேன். சித்தப்பா பேசினா வாயில பாதி வார்த்தை முழுங்கிருவாரு, ஆனா மனு சொல்றப்ப மேடைல நிக்கிற மாதிரி நெஞ்சை நிமித்திக்கிட்டு சொன்னாரு. "கடந்த ஆறு ஆண்டுகளாகத் தங்கள் அலுவலகத்தின் இருக்கைகளைக் கண்ணும் கருத்துமாகப் பழுது பார்த்து வருகிறேன். எழுதிட்டியா? அடுத்து. நான் எழுதிக் கொடுத்த விளக்கத்தில் எந்தப் பொய்யும் இல்லை. என் அண்ணன் மகள் படத்தை அந்த நொடியே நீக்கிவிட்டாள். அவள் வாயாடிதான், வாயாடின்னு போடாத, அவள் துடுக்கானவள் தான் என்றாலும், சிறு வயது முதல் என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை. அதற்கு நானே சாட்சி."

கை நின்னு போச்சு.

"என்ன? வேகமாச் சொல்லிட்டேனா?"

திரைல கர்சர் மின்னி மின்னி நிக்குது, "ஒரு பொய்" வரைக்கும் தான் அடிச்சிருக்கேன்.

சித்தி மெஷினை நிறுத்திட்டுத் திரும்பினாங்க. "ஏண்டி, லிஃப்டைப் பத்தி ரெண்டு நாள் பேசினவளுக்கு இன்னைக்கு எழுத்து தீந்து போச்சா?"

"சித்தப்பா, கடிகாரம் சரி தான்."

"எந்தக் கடிகாரம்?"

"டிவிக்காரனோடது. நான் தூக்கல. நீங்க கூப்பிட்டப்ப தூக்கிட்டேன்னு சொன்னேன்ல, அப்ப தூக்கல. முடிச்சப்புறம் தான் தூக்கினேன்."

சித்தப்பாவுக்கு முதல்ல புரியல. புரியாம என்னையே பாத்தாரு. நான் பாக்கலேன்னா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும், பாத்துட்டேன், புரியாத முகம் மெதுவா புரிஞ்ச முகமா மாறினதை.

"எப்ப முடிச்ச?"

"பதினொண்ணு முப்பத்தஞ்சு."

"முக்கால் மணி நேரம்."

"ஆமா."

"நான் கூப்ட்டப்ப எத்தனை பேர் பாத்துட்டு இருந்தாங்க?"

"நாலாயிரம்."

"முடிக்கிறப்ப?"

"பதினாலாயிரம்."

மனசுக்குள்ள கழிச்சுப் பாத்திருப்பாரு போல. "பத்தாயிரம் பேர்"ன்னாரு. கோவமா இல்ல. சதுர அடி கணக்குப் போடுற மாதிரி சாதாரணமாச் சொன்னாரு.

சித்தி எந்திரிச்சு வந்துட்டாங்க. "ஏண்டி, உன் சித்தப்பன் மூணு நாளா ஒவ்வொருத்தன் வீடா ஏறி, டிவிக்காரன் கடிகாரம் தப்புடா, எங்க பொண்ணு அப்படிப்பட்டவ இல்லடான்னு சொல்லிக்கிட்டு வந்திருக்காரு. ஏழு வீடு. தெரியுமா உனக்கு? அந்தக் காவலாளிகிட்ட போயி கேட்ல நின்னு சண்டை போட்டிருக்காரு. எங்களுக்குச் சோறு போடுற வேலை உனக்கு வேடிக்கை. சரி, அது கூடப் போகட்டும். புதன்கிழமை சொல்றதுக்கு என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"விடு"ன்னாரு சித்தப்பா.

"என்ன விடு?"

"விடுன்னு சொல்றேன்ல."

சித்தி திரும்பப் போயி மெஷின் முன்னாடி உக்காந்தாங்க, ஆனா தைக்கல. நான் அழுதுருவேன்னு நினைச்சேன், அழுகை கூட வரல. அழுதிருந்தா யாராவது ரெண்டு வார்த்தை ஆறுதல் சொல்லியிருப்பாங்க, அதுக்கு எனக்கு யோக்கியதை இல்லன்னு உடம்புக்கே தெரிஞ்சிருக்கும்.

கொஞ்ச நேரம் கழிச்சு சித்தப்பா, "அழி"ன்னாரு.

"எதை?"

"நான் சொன்னதை. முழுசா அழி. நீ எழுது, உன் பேர்ல."

எழுதினேன். ரெண்டு பக்கம் எழுதினேன். எவ்ளோ வருத்தப்படுறேன்னு எழுதினேன், அவர் என்னை எப்படி நம்பினாருன்னு எழுதினேன், ஏழு குடும்பம்னு எழுதினேன். படின்னாரு. சத்தமாப் படிச்சேன். முதல் பக்கத்துலயே கையைக் காட்டி நிறுத்தினாரு.

"நம்பினாரு கிம்பினாருல்லாம் அவங்களுக்கு எதுக்கு? அதை எடு. நான் எப்ப கூப்ட்டேன், நீ என்ன சொன்ன, எப்ப எடுத்த. மணி மட்டும் போடு."

கடைசில ஏழு வரி தான் வந்துச்சு. என் வாழ்க்கைல நான் எழுதினதுலயே சின்னது.

அன்னைக்குச் சாயங்காலம் எங்க சேனல்லயும் சொன்னேன். நாற்காலி ரிப்பேருக்குத் தான் போச்சு, எனக்கு முதல்லயே தெரியும், தெரிஞ்சுக்கிட்டே கேட்டேன்னு. பூதம் தான் கேமரா போட்டான், ஒரு வார்த்தை கலாய்க்கல. முன்னூத்திப் பன்னிரண்டு பேர் பாத்தாங்க. முதல் கமெண்ட், "அடுத்த நாற்காலி எப்ப?"

திங்கக்கிழமை காலைல சித்தப்பா தன்னோட வண்டியிலயே என்னைக் கூட்டிக்கிட்டுப் போனாரு. கேட்டுக்கு எதிர்ல, ரோட்டுக்கு அந்தப் பக்கமே வண்டியை நிறுத்திட்டாரு. "நீ போயிட்டு வா. அட்டை இல்லாம நான் அந்தப் பக்கம் வரல."

தபால் வாங்குற கவுண்டர்ல ஒரே ஒருத்தர். மத்த அஞ்சு ஜன்னலும் மூடிக் கிடக்கு. மேசைல பாதி போட்ட குறுக்கெழுத்து. கடிதத்தை வாங்கி, நிதானமாப் படிச்சுட்டு, என்னை ஒரு பார்வை பாத்தாரு.

"நீங்க அந்த நாற்காலிப் பொண்ணு தானே?"

"ஆமாங்க."

"நல்லாப் பேசினீங்க. நாங்க எல்லாரும் இங்க உக்காந்து தான் பாத்தோம். சிரிச்சு சிரிச்சு வயிறு புண்ணாயிருச்சு." முத்திரையை மையில ஒத்தி டப்புன்னு குத்தினாரு. "இந்தாங்க, ரசீது."

"இதை அதிகாரி எப்பப் பாப்பாரு?"

"அவரு வெள்ளிக்கிழமைல இருந்து லீவு. சபை கூடறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி தான் வருவாரு."

"அவருக்குப் பதிலா வேற யாராவது?"

"லீவுல யாரும்மா இருக்கா? உங்களுக்கே தெரியுமே, லீவுல இங்க என்ன நடக்குது? ஒண்ணும் நடக்காது." சிரிச்சாரு. நல்ல மனுஷன் தான், சும்மா சொன்னாரு.

"அதுக்குள்ள நாற்காலி வேலை முடிஞ்சிருமே?"

"அது முடிஞ்சிரும். வேற ஆளுங்க வெள்ளிக்கிழமையே உள்ள இறங்கிட்டாங்க." உள்ள எங்கயோ டக் டக்னு ஸ்டேப்லர் சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு. கேட்டுச்சா, நானா நினைச்சுக்கிட்டேனான்னு தெரியல.

வெளில வந்தேன். ரோட்டைத் தாண்டுறதுக்குள்ள எனக்குள்ள ஒரு வரி ரெடியாயிருச்சு. "வாங்கிட்டாங்க சித்தப்பா, சீக்கிரம் பாக்கிறேன்னு சொன்னாங்க." எவ்ளோ சுலபமா வருது பாருங்க. சபை கூடற வரைக்கும் அவருக்கு நிம்மதியா இருக்கும்னு ஒரு காரணமும் கூடவே வந்துச்சு.

சித்தப்பா வண்டி மேல உக்காந்துக்கிட்டே கேட்டாரு. "வாங்கிட்டானா?"

"வாங்கிட்டாரு."

"எப்பப் பாப்பாங்களாம்?"

"அதிகாரி லீவு. சபை கூடறப்பத் தான். வேற ஆளுங்க வெள்ளிக்கிழமையே வேலைக்கு வந்துட்டாங்களாம்."

தலையை ஆட்டினாரு. கேட்டுப் பக்கம் ஒரு தடவை பாத்தாரு. "நாப்பத்தேழுக்குப் பட்டையைப் பாதி தான் இழுத்திருந்தேன்"ன்னாரு. "மீதியை எவன் எப்படி இழுத்தானோ. அந்தம்மாவுக்கு ஏற்கனவே முதுகு வலி, அதனால தான் கொஞ்சம் இறுக்கமா வைன்னு சொல்லியிருந்தாங்க."

ரசீதை அவர் கையில குடுத்தேன்.

"ஏறு"ன்னாரு.

ஏறிக்கிட்டேன். வழில மூணு சிக்னல். முதல் ரெண்டுல அவர் திரும்பவே இல்ல. மூணாவதுல நான், "சித்தப்பா, நான் வந்து..."ன்னு ஆரம்பிச்சேன். பச்சை விழுந்துருச்சு, வண்டி கிளம்பிருச்சு, காத்துல எதுவும் கேக்கல.